குழந்தைக்கு எந்தச் சோப்பு? எந்தப் பவுடர்?

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சோப்பு, பவுடர், எண்ணெய், ஷாம்பு எல்லாம் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள். பெட்டியின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். அன்பாகக் கொடுத்ததாயிற்றே, எல்லாவற்றையும் குழந்தைக்குப் பூசியே தீர வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெற்றோர்களே, அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அந்தப் பெட்டியில் இருப்பதில் பாதிக்கு மேல் உங்கள் குழந்தைக்குத் தேவையே இல்லை.

காரணம் சொல்கிறேன். பச்சைக்குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் உடம்பின் பரப்பும் அதற்கு அதிகம். ஆகவே மேலே பூசுவதில் உள்ளே இறங்குவதும் அதிகம். "மேலுக்குத்தானே போடுறோம், உள்ளுக்கா கொடுக்கிறோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1972-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். குழந்தைகளுக்கான ஒரு பவுடரில் ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிநாசினி தவறுதலாக மிக அதிக அளவில் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்துபோனார்கள். யாரும் அதை வாயில் ஊட்டவில்லை. உடம்பில் தடவியதோடு சரி. மருந்து தோல் வழியாகவே ஏறி மூளையைத் தாக்கிவிட்டது. எனவே குளிக்கிற தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினி ஊற்றும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நல்ல தண்ணீர் போதும்.

பவுடர் விஷயத்தில் நானே தப்புச் செய்தவன். சுகாதாரப் படிப்பு படித்துப் பட்டயம் வாங்கிய பிறகுதான் எனக்கு மூத்த மகள் பிறந்தாள். சட்டை மாற்றும்போது அழாமல் இருக்கட்டும் என்று பவுடர் டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். ஆட்டினாள், மூடி திறந்துகொண்டது, முகமெல்லாம் கொட்டிவிட்டது. மூச்சு வாங்கி, இருமி, உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குப் பவுடரே கிடையாது. டால்க் என்பது ஒருவகைக் கல்லை அரைத்த மாவு. நுரையீரலுக்குள் போனால் அது கரையாது. பவுடரால் குழந்தைக்கு வாசனையைத் தவிர வேறு லாபமும் இல்லை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் போகத் துடைத்தாலே புண் வராது. போட்டே ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் பிடிவாதம் செய்தால், குழந்தையை விட்டுத் தள்ளி நின்று உங்கள் கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டு பிறகு லேசாகத் தடவுங்கள். பஞ்சால் முகத்தில் தட்டுவது வேண்டாம்.

அடுத்தது கண் மை. கடையில் விற்கும் மையிலும் சுர்மாவிலும் ஈயம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குழந்தையின் அறிவு வளர்ச்சியையே கெடுக்கும். ஈயம் சேர்த்த நிறப்பொருளை அழகுப்பொருள்களில் சேர்க்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. ஆனால் திருவிழாக் கடையில் பெயரில்லாத டப்பாவில் விற்பதை யார் சோதிக்கிறார்கள்? "வீட்டிலேயே விளக்கில் பிடித்த மைதானே" என்றாலும், தடவுகிற விரலின் நக அழுக்கு கண்ணுக்குள் போகும். கண் பெரிதாகும் என்பது வெறும் நம்பிக்கை. திருஷ்டிக்காக என்றால், ஒரு தாய் செய்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. சட்டையின் ஓரத்தில் கறுப்பு நூலால் ஒரு பொட்டு தைத்துவிட்டாள். திருஷ்டியும் கழிந்தது, கண்ணும் தப்பியது!

சோப்பு வாங்குவது பெரும்பாலும் தகப்பனார் வேலை. ஐயா, வாசனையைப் பார்க்காதீர்கள், உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'டி.எஃப்.எம்.' என்று போட்டு ஒரு எண் இருக்கும். சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 'பேதிங் பார்' என்று போட்டிருப்பதில் இது குறைவாகவே இருக்கும். தயாரித்த கம்பெனியின் முகவரி, லைசென்ஸ் எண், தேதி இவை இல்லாத பொருளை விலை மலிவென்று வாங்காதீர்கள். நல்ல சோப்பும் காரம்தான். கைக்குழந்தைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போட்டால் போதும். துணி சோப்பு கூடவே கூடாது. ஷாம்புவும் சீயக்காயும் இந்த வயதில் அவசியமில்லை. பயத்தம் மாவு நல்லதுதான், ஆனால் நைசாகச் சலித்து ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். தோலில் சிவப்புத் தடிப்பு வந்தால் எதுவானாலும் நிறுத்திவிடுங்கள்.

பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டாதீர்கள். ஒரு நாளாவது, அதாவது 24 மணி நேரம், பொறுத்திருங்கள். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கல்ல, அது குழந்தைக்குப் பாதுகாப்பு. எடை குறைந்த குழந்தையாக இருந்தால், டாக்டர் சொல்லும்வரை துடைத்துவிடுவதே போதும். குளிப்பாட்டும்போது பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்து இதமாக இருந்தால் சரி.

தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடலாம், தடையில்லை. அப்பத்தா கையால் இதமாகத் தேய்த்தால் குழந்தை சுகமாகத் தூங்கும். ஆனால் அப்பத்தாவிடம் ஒன்று பணிவாகச் சொல்லிவையுங்கள்: மூக்கில், காதில், தொப்புளில் எண்ணெய் விடக்கூடாது, மூக்கில் ஊதவும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி, மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத நிமோனியாவைக் கொண்டுவரும். குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் அப்படித்தான். தலை காய்வதற்குத் துணி இருக்கிறது, புகை எதற்கு?

சளிக்காகக் கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ தடவாதீர்கள். தவழும் பிள்ளை அதை எடுத்து வாயில் வைத்தால் வலிப்பே வரும். குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் பாச்சா உருண்டையும் போட வேண்டாம். சில குழந்தைகளுக்கு அந்த வாசனை பட்ட துணியாலேயே இரத்தம் சிதைந்து மஞ்சள் காமாலை வருகிறது.

தைலத்தையோ உருண்டையையோ குழந்தை விழுங்கிவிட்டால், அல்லது பவுடர் மூச்சில் ஏறிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, அந்த டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். என்ன சாப்பிட்டது என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும். மற்ற சந்தேகங்களை, தடுப்பூசி போட வரும் நாளில் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். வரும்போது வீட்டில் உள்ள டப்பாக்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தால், எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்று அவரே பார்த்துச் சொல்வார்.