ஜாமீனுக்கு ஆள் தேடும் படலம்

‘ரூ.10,000-க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்.’ தமிழ்நாட்டில் ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் இந்த வாசகத்தோடுதான் வரும். தொகை மட்டும் வழக்குக்கு வழக்கு மாறும். கேட்டதும் வீட்டார் செய்யும் முதல் காரியம், இருக்கிற நகையை அடகுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதற்கு அவசியமில்லை. அந்தப் பத்தாயிரத்தை அன்றைக்கு யாரும் கட்டப்போவதில்லை. வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று மூன்று பேர் கையெழுத்துப் போடவேண்டும். ஒன்று கைதானவருடையது. மற்ற இரண்டுக்குத்தான் அலைச்சல் எல்லாம்.

அந்த அலைச்சலைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் மதியத்துக்கு மேல் நின்றால் போதும். ஜாமீன்தாரர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், வீட்டு வரி ரசீது அல்லது வண்டியின் ஆர்.சி. புக். சில கோர்ட்டுகளில் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கிவரச் சொல்வார்கள். அதற்குத் தனியாக நாலு நாள் நடக்கவேண்டும். உள்ளே கூப்பிட்டதும், “அவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேள்வி வரும். “மச்சான் முறைங்கய்யா” என்று சொல்லிவிட்டு அவர் வக்கீலைத் திரும்பிப் பார்ப்பார். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்ற விவரத்தையும் சட்டப்படி அவர் எழுதித் தரவேண்டும். பத்திரத்தில் போட்டோ ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, எல்லாம் சரியாக முடிந்தாலும் விடுதலை உத்தரவு மாலை லாக்-அப் நேரத்துக்குள் சிறைக்குப் போய்ச் சேரவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறவிட்டவர்கள் வீட்டில் சனி, ஞாயிறு எப்படி நகரும் என்று சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்கப் படங்களில் வரும் ஜாமீன் வேறு. அங்கே கோர்ட் நிர்ணயிக்கும் தொகையில் சுமார் பத்து சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, மீதிக்குப் பொறுப்பேற்க என்றே கம்பெனிகள் இருக்கின்றன. அந்தக் கட்டணம் திரும்பி வராது. பணத்தைப் பொறுத்து விடுதலை என்பதே சரியில்லை என்று இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது. அங்கே பணம் இல்லாதவன் உள்ளே கிடந்தான். இங்கே ஆள் இல்லாதவன் கிடக்கிறான். ஆனால் ஆள் இல்லாத இடத்தில் நம் ஊரிலும் பணம் புகுந்துகொள்கிறது. கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்பவர்கள் கிடைப்பார்கள். முகம் தெரியாதவர் மாமாவாகிவிடுவார். ஆவணம் போலி என்று தெரிந்தால் அந்த ‘மாமா’ மட்டுமல்ல, கூட்டிவந்தவர்களும் தனி வழக்கில் மாட்டுவார்கள். கிடைத்த ஜாமீனும் ரத்தாகலாம். காசு கொடுத்து ஆள் பிடிப்பதைப்போல ஆபத்தான சிக்கனம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

உச்ச நீதிமன்றத்துக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர், சொத்தும் அங்கேதான் என்று சொல்லி மாஜிஸ்திரேட் அந்த ஜாமீனை ஏற்கவில்லை. வழக்கை விசாரித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று கேட்டார். மோதிராமை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். இன்று திருப்பூரில் கைதாகும் பீகார் தொழிலாளிக்கும் இதே கேள்விதான். 2024-இல் இன்னொரு வழக்கு. பதின்மூன்று வழக்குகளில் ஜாமீன் கிடைத்தும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் கொடுக்க முடியாமல் ஒருவர் வெளியே வரமுடியவில்லை. நெருங்கிய உறவினரும் நெடுநாள் நண்பரும் தவிர யார் ஜாமீன் நிற்பார்கள் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், ஒரே ஆட்களைப் பல வழக்குகளுக்கும் ஏற்க அனுமதித்தது.

இதற்கெல்லாம் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஆள் கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்றே கருதி சொந்தப் பிணையில் விடவேண்டும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, உத்தரவு கிடைத்து ஏழு நாளாகியும் வெளியே போகாத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்லவேண்டும். ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பார்க்கலாம். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகைக்காக உதவும் மத்திய அரசுத் திட்டமும் அதே ஆண்டில் வந்தது; அப்போது வரம்பு 40,000 ரூபாய்.

வக்கீல் விஷயத்துக்கு வருவோம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். அந்த நேரத்துக்குள் ஒரு வக்கீல் வந்து நிற்பதுதான் முக்கியம். அவர் பெரிய பெயரா என்பது அப்புறம். சிறையிலோ காவலிலோ இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உரிமை. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம், அல்லது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போகலாம். கைதானவர்களுக்காகவே முழுநேரமும் வாதாடும் சட்ட உதவி வக்கீல்களும் இப்போது பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். இலவசம் என்றால் தரமிருக்காது என்ற நினைப்பில், கடன் வாங்கித் தெரியாத வக்கீலிடம் போய் விழுகிறவர்கள் அதிகம்.

நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இணையத்தில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு விற்கும் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே கூகுளில் மேலே வருபவர் நல்ல வக்கீல் என்று எண்ணவேண்டாம். அந்த ஊர் கிரிமினல் கோர்ட்டில் தினமும் நிற்பவர் யார் என்று அங்குள்ள குமாஸ்தாக்களுக்கும் எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். ஸ்டேஷன் வாசலில் தானாக வந்து “நான் பார்த்துக்கறேன்” என்பவரிடம் மட்டும் ஜாக்கிரதை. ‘ஜாமீனும் நானே நிற்கிறேன்’ என்று வக்கீல் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கட்சிக்காரருக்கு வக்கீல் ஜாமீன் நிற்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ‘வெளியே வந்தால் இவ்வளவு’ என்று முடிவைப் பொறுத்துப் பேசும் ஃபீஸுக்கும் இடமில்லை. வக்கீலை மாற்ற நினைத்தால், பாக்கியைக் காட்டிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கவும் அவருக்கு உரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது.

ஜாமீன் நிற்கும் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. வெளியே வந்தவர் ஓடிப்போனால் பத்திரத் தொகையை அபராதமாகக் கட்டச் சொல்வார்கள், வசூலிக்கவே முடியாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறைகூட உண்டு. நம்பிக்கை போய்விட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்கவேண்டாம். என்னை விடுவியுங்கள் என்று எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம்.

வக்கீலின் தரம் ஜாமீன் கிடைத்த பிறகுதான் தெரியும் என்பேன். ‘மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து’ என்ற நிபந்தனை கூடவே வரும். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்தக் கொத்தனார் அன்றைக்கு வேலைக்குப் போகமுடியும்? சில வாரம் ஒழுங்காகப் போட்டதும் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம். அதை நினைவு வைத்திருந்து, கேட்காமலே தயாரித்து வைக்கிற வக்கீலும் இருக்கிறார். நாம் ஃபோன் செய்தால் எந்தக் கேஸ் என்று கேட்பவரும் இருக்கிறார்.