தனக்கென ஒரு போர்வை

பிறர்க்காக உழைப்பது பெருமை தருவது. சான்றோர் பலரும் அதனைப் போற்றியுள்ளனர். ஆயினும், தனக்கு வேண்டிய ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொள்வதிலும் ஓர் இன்பம் உண்டு. அதனைத் தன்னலம் என்று கருதுதல் தவறு. தன் உழைப்பின் அருமையைத் தானே உணர்ந்து மகிழும் மகிழ்ச்சி அது. துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை என்னும் எளிய பொருளைக் கொண்டு இவ்வுண்மையை அறிவோம்.

குளிர் மிகுந்த நாடுகளில் ஒற்றைத் துணி உடலைக் காக்கப் போதாது. ஆதலின், அந்நாட்டு மக்கள் மூன்று அடுக்குகள் கொண்ட போர்வையைச் செய்துகொண்டனர். மேலடுக்குப் பல நிறத் துண்டுகளை இணைத்து அமைப்பது. கீழடுக்கு அகன்ற துணி. இரண்டிற்கும் நடுவே பஞ்சு பரப்பப்படும். பின்னர், மூன்றையும் ஊடுருவிச் செல்லுமாறு நெருக்கமாகத் தையலிடுவர். பஞ்சின் இழைகளுக்கு இடையே காற்று அசையாமல் தங்கி நிற்கும். அக்காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே, உடலின் வெப்பம் வெளியேறாமல் காக்கப்படுகின்றது. பஞ்சு ஒருபுறமாகத் திரண்டுவிடாமல் தையல் அதனைப் பிடித்து நிறுத்துகின்றது. அழகுக்காக இட்டது போல் தோன்றும் தையலுக்கு இவ்வாறு ஒரு கடமையும் உண்டு.

நம் நாட்டில் வங்காளத்துப் பெண்கள் இதற்கு நெருங்கிய ஒரு கலையை வளர்த்தனர். பழம்புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலால் அவர்கள் தைப்பர். அதற்குக் 'காந்தா' என்பது பெயர். நம் மொழியில் உள்ள 'கந்தை' என்னும் சொல்லோடு அப்பெயர் ஒலியாலும் பொருளாலும் ஒத்திருத்தல் காண்க. கிழிந்த துணிக்குப் புதுவாழ்வு அளிக்கும் இவ்வறிவு உலகில் பல இடங்களில் தோன்றியுள்ளது. அவ்விடங்களுள் ஒன்று, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர்.

அவ்வூரை மூன்று புறமும் அலபாமா ஆறு வளைந்து சூழ்ந்திருக்கின்றது. அங்கு முன்னாளில் பெரியதொரு பருத்திப் பண்ணை இருந்தது. கறுப்பின மக்கள் அதில் அடிமைகளாக உழைத்தனர். 1865ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. ஆயினும் வறுமை ஒழியவில்லை. மக்கள் பலர் அதே நிலத்தில் குத்தகையாளராய் வாழ்ந்தனர். பண்ணை முதலாளியின் பெயராகிய 'பெட்வே' என்பதே அவர்களுள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயராய் நிலைத்தது. 1932ஆம் ஆண்டில் கடனுக்கு ஈடாக அவர்களுடைய கால்நடைகளும் கருவிகளும் விளைபொருள்களும் பறிக்கப்பட்டன. மர வீடுகளின் இடுக்குகள் வழியே குளிர்காற்றுப் புகுந்தது. செய்தித்தாள்களைச் சுவரில் ஒட்டி அதனைத் தடுக்க முயன்றனர். அந்நிலையில், போர்வை அவர்களுக்கு அணிகலன் அன்று, உயிர்க்காப்பு.

பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள், ஓய்வு கிடைத்தபோது ஊசியைக் கையில் எடுத்தனர். புதுத்துணி வாங்கப் பொருள் இல்லை. தேய்ந்த காற்சட்டை, கிழிந்த மேற்சட்டை, மாவுப்பை, கோணித் துணி ஆகியவற்றை வெட்டித் துண்டுகள் ஆக்கினர். காற்சட்டையின் முழங்காற்பகுதி வெளுத்திருக்கும். பை இருந்த இடம் மட்டும் பழைய கருநீலம் மாறாதிருக்கும். அவ்வேறுபாட்டையே அவர்கள் அழகாக மாற்றினர். அடைக்க வேண்டிய பஞ்சு அவர்கள் வாழ்ந்த பருத்திக் காட்டிலேயே கிடைத்தது.

மேலடுக்கை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் தனியே இருந்து அமைப்பாள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது அண்டை வீட்டாரும் கூடுவர். எத்துண்டின் அருகே எத்துண்டு அமைய வேண்டும் என்பதை முடிவு செய்பவள் அவள் ஒருத்தியே. அதற்கு அளவுகோலும் இல்லை, வரைபடமும் இல்லை. சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக விரியும் 'வீட்டுக் கூரை' போன்ற மரபு வடிவங்கள் உண்டு. அவற்றையும் தத்தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டனர். எவ்வடிவத்திலும் அடங்காமல் மனம் போன போக்கில் அமைத்த போர்வையை, 'என் வழி' என்றே அவர்கள் கூறினர். விதைப்பதும் அறுப்பதும் பிறர் ஆணைக்கு உட்பட்டிருந்த வாழ்வில், தன் விருப்பமே ஆணையாக விளங்கிய இடம் அப்போர்வை ஒன்றே அன்றோ?

தனக்கெனத் தைப்பதற்கும் விலைக்கெனத் தைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். 1966ஆம் ஆண்டில் அவ்வட்டாரப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்து, நகரக் கடைகளுக்குப் போர்வை தைத்து அனுப்பினர். அதனால் ஊதியம் கிடைத்தது, தன்மதிப்பும் உயர்ந்தது. ஆனால் கடைகள் ஒரே அளவும் ஒரே வடிவமும் வேண்டின. 1972ஆம் ஆண்டில் ஒரு பெருநிறுவனத்திற்காகக் கார்டுராய் என்னும் வரியோடிய தடித்த துணியில் தலையணை உறைகள் தைத்தனர். எஞ்சிய துண்டுகளை வீட்டிற்குக் கொண்டு சென்றனர். உறைகளெல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எஞ்சிய துண்டுகளால் பிறந்த போர்வைகளோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை!

அவ்வூரில் மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி வாழ்ந்தார். கணவர் இறந்த பின், 1942ஆம் ஆண்டில் அவருடைய உழைப்பு உடைகளை வெட்டி, மகளையும் துணைக்கு அழைத்து ஒரு போர்வை அமைத்தார். கணவரை நினைவிற் கொள்ளவும், அன்போடு அதனைப் போர்த்திக்கொள்ளவும் விரும்பியே அவ்வாறு செய்தார் என்று அம்மகள் பிற்காலத்தில் கூறியுள்ளார். வெயிலும் வியர்வையும் வெளுக்கச் செய்த அத்துணிகளுக்குச் சந்தையில் விலை ஏது? அவருக்கோ அவற்றினும் உயர்ந்த துணி இவ்வுலகில் இல்லை.

ஆண்டுகள் பல சென்றன. 2002ஆம் ஆண்டில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நகரிலும், பின்னர் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களின் சுவர்களை அணி செய்தன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவற்றின் உருவம் பொறித்த பத்து அஞ்சல்தலைகளை வெளியிட்டது. புகழை எண்ணி அப்பெண்கள் ஊசியைத் தொடவில்லை. தம் வீட்டின் குளிரை நீக்கவே தொட்டனர். தமக்கெனச் செய்த வேலையில் தம் மனத்தை முழுமையாக வைத்தனர். பின்னர் உலகம் வியந்தது அம்மனத்தையே.

இக்காலத்தில் கடைக்குச் சென்றால் நொடியில் ஒரு போர்வை வாங்கலாம். அது குளிரைப் போக்கும். ஆயினும், நம் கைவண்ணம் அதில் இராது. நாமே தைத்த போர்வையில் நம் பொறுமை உண்டு. கோணிய தையலும் உண்டு. இனி உடுத்த இயலாத துணியின் நினைவும் உண்டு. பழந்துணியைக் குப்பையில் எறியுமுன் ஊசியும் நூலும் எடுத்துப் பாருங்கள். சிறுகச் சிறுகச் சேரும் துண்டுகள் ஒருநாள் முழுப் போர்வையாக விரியும்போது, 'இது நான் செய்தது' என்று உள்ளம் மகிழும். அம்மகிழ்ச்சியை எக்கடையிலும் விலைக்குப் பெற இயலாது.