விர்ரென்ற அதிர்வு நின்றால் அன்றைக்கே புறப்படுங்கள்

வாய்க்கால் தூர்ந்தால் என்னவாகும் என்று நானாட்டான் கமக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கட்டுக்கரைக்குளத்துத் துருசு திறந்திருந்தும் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. டயலிசிஸ் செய்பவரின் கையிலும் அப்படியொரு வாய்க்கால் ஓடுகிறது.

நாடியையும் நாளத்தையும் நேரடியாக இணைத்தால் அது பிஸ்டுலா. 1966 முதல் மருத்துவ உலகம் அறிந்த முறை. நாளம் மெலிந்தவருக்கு இரண்டுக்கும் நடுவே செயற்கைக் குழாய் வைப்பார்கள். அதுதான் கிராஃப்ட். சீக்கிரம் பாவிக்கலாம், ஆனால் பிஸ்டுலாவைவிட எளிதில் அடைபடும். குழாய் நாளத்தோடு சேரும் முனையில் நாளத்தின் சுவர் மெல்லத் தடித்து வழி ஒடுங்குகிறது. பிறகு ஒருநாள் வயிற்றோட்டமோ, டயலிசிஸ் முடிந்தபின் பிரஷர் இறங்குவதோ போதும், இரத்தம் அங்கே உறைந்துவிடும்.

ஒடுக்கம் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுத்தே வரும். காலையும் இரவும் இரண்டு விரலைக் கிராஃப்டின்மேல் வையுங்கள். பூனை உறுமுவதுபோல் விர்ரென்று அதிர வேண்டும். அதிர்வு குறைந்து துடிப்பு மட்டும் ‘டக் டக்’ என்று அடித்தால், காதை வைக்கும்போது சத்தம் விசில்போல் கேட்டால், ஊசி எடுத்தபின் இரத்தம் நிற்க வழமையைவிட நேரமெடுத்தால், கை வீங்கினால் தாதியிடம் உடனே சொல்லுங்கள். இயந்திரத்தில் நாளப் பக்க அழுத்தம் கிழமைக்குக் கிழமை ஏறுகிறதா என்றும் கேளுங்கள். ஸ்கானில் கிராஃப்டின் ஓட்டம் நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கியிருந்தால் கவனிக்க வேண்டும். ஆனாலும் அமெரிக்கச் சிறுநீரக அமைப்பின் 2019 வழிகாட்டி, கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கே முதலிடம் கொடுக்கிறது. ஸ்கான் எடுக்கத் தூரம் போகவேண்டிய நமக்கு இது நல்ல செய்திதான்.

அதிர்வு நின்றுவிட்டதா? எண்ணெய் பூசி உருவ வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். ‘நாளை மறுநாள் முறைதானே’ என்று இருந்துவிடாதீர்கள். நம்மவர் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போனால் இரத்தக் கட்டியை அகற்றிக் குழாயைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. பிந்தினால் கழுத்தில் தற்காலிகக் குழாய், அதோடு கிருமித்தொற்று அபாயம். டயலிசிஸ் தள்ளிப்போகும் அந்த இடைவெளியில் இளநீரும் வாழைப்பழமும் தொடாதீர்கள். பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும்.

கிராஃப்ட் உள்ள கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ வந்தால் ‘மற்றக் கையில் பாருங்கோ’ என்று சொல்லுங்கள். அது மரியாதைக்குறைவு அல்ல. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வேறு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டாலும் விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள். அரச அலுவலரிடம் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு. மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். வருமானம் குறைந்த சிறுநீரக நோயாளருக்கான மாதாந்தக் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று. ஊசி குத்திய இடத்துத் தோல் மினுங்கி மெலிந்தாலோ, பொருக்குக் கட்டி ஆறாமலிருந்தாலோ அது வெடிக்கக்கூடும். இரத்தம் பீறிட்டால் துவாயைச் சுற்றிக் கட்டாதீர்கள். துவாய் இரத்தத்தைக் குடிக்குமே தவிர நிறுத்தாது. ஓட்டையின் மேலேயே விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். பக்கத்திலிருப்பவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். வண்டி வரும்வரை விரலை எடுத்துப் பார்க்க வேண்டாம்.