திருமயிலைக் கபாலீச்சரமும் அதன் விழா மரபும்

ஒரு திருக்கோயிலின் தொன்மையை ஆராயப் புகுவார் முதற்கண் அதன் கல்லையும் கல்வெட்டையும் நாடுவர். அது முறையே. ஆயின், இடம் பெயர்ந்து மீண்டும் எழுந்த கோயிலுக்கு அந்நெறி முழுதும் பயன்படாது. சென்னையின் ஒரு பகுதியாய் இன்று விளங்கும் திருமயிலையின் கபாலீச்சரம் அத்தகையது. இதன் பழமையைக் கட்டடத்தினும் விழா முறையே தெளிவாகக் காட்டுகிறது என்பதையும், அம்முறையுள்ளும் காலப் படிவுகள் உண்டு என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

திருஞானசம்பந்தர் பாடலும், பின்வந்த அருணகிரிநாதரின் திருப்புகழும் மயிலையைக் கடல் சூழலிலேயே காட்டுகின்றன. பழைய கோயில் கரையோரத்தே இருந்தது என்றும், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் சாந்தோமில் நிலைகொண்ட காலத்தில் அழிந்தது என்றும் அறிஞர் பலர் கருதுவர். பின்னரே கரையினின்று உள்ளொதுங்கிய இன்றைய இடத்தில் கோயில் எழுந்தது. கீழைக் கோபுரமோ 1906-ஆம் ஆண்டினது. எனவே, இன்று நாம் காணும் கட்டடம் சம்பந்தர் கண்டதன்று.

அவர் கண்ட விழாக்களோ பதிகத்துள் நிலைபெற்றுள்ளன. இரண்டாம் திருமுறையின் 47-ஆம் பதிகம், பூம்பாவை என்னும் பெண்ணை விளித்து, இவ்விழாக்களைக் காணாமல் போவாயோ என வினவும் அமைப்பினது. அடியார்க்கு அமுதளித்தலில் தொடங்கி, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, ஊஞ்சல், பெருஞ்சாந்தி என வரிசை செல்கிறது. இதனை அற்புதப் பாடலாக மட்டும் ஓதிச் செல்வோர், 7-ஆம் நூற்றாண்டின் விழாக் குறிப்பேடு ஒன்று தம் கையில் இருப்பதனை மறந்துவிடுகின்றனர்.

இவ்விழாக்களை இன்றைய வழக்கோடு ஒப்பிடின் மூவகை நிலை புலனாகும். மாசிக் கடலாட்டு பெரிதும் மாறாதது. இன்றும் மாசி மகத்தன்று இறைவன் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். பழைய கோயில் கரையில் இருந்தமைக்குக் கடலாட்டே சான்றென்பாரும் உளர். உள்ளிருக்கும் கோயிலிலிருந்தும் அவ்விழா இன்று நடைபெறுதலின், அது தனித்து நின்று சான்றாகாது. தைப்பூசமோ நாள் மாறாது வடிவு மாறியது. பதிகம் கூறுவது மகளிர் நெய்யூட்டிய சோற்றோடு கொண்டாடிய விழா; இன்று மக்கள் திரள்வது திருக்குளத்துத் தெப்பத்தைக் காண. ஐப்பசி ஓணமோ சிறப்புக் குன்றியது. இன்று பெருவிழாவாக அது எண்ணப்படுவதில்லை. மதுரைக்காஞ்சி ஓணத்தை மாயோனுக்குரிய நாளாகக் கூறுகிறது. அதே ஓணம் மயிலையில் சிவபெருமானுக்குரிய விழாவாக அமைந்திருந்தமை, நாள்களைச் சமய எல்லைக்குள் அடைத்தல் பொருந்தாது என்பதனை உணர்த்தும்.

இனி, மயிலையின் பெயரை நாடெங்கும் பரப்பும் அறுபத்துமூவர் விழாவைக் காண்போம். இது பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் நிகழ்வது. அன்று காலையில் பூம்பாவை உயிர்பெற்றெழுந்த நிகழ்ச்சி நடத்திக் காட்டப்பெறும். பிற்பகலில் நாயன்மார் திருமேனிகள் இறைவனைச் சூழ உலா வரும். இதனையும் சம்பந்தர் காலத்ததாகக் கருதுவார் உளர். அது பொருந்தாது. அடியார் வரிசையை முதலில் பாடிய சுந்தரர் சம்பந்தர்க்குப் பிற்பட்டவர். சம்பந்தரே அறுபத்துமூவருள் ஒருவர். பூம்பாவை வரலாற்றை, அவள் தந்தை சிவநேசரோடு விரித்துரைத்தவர் 12-ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். பதிகத்துள் சிவநேசர் பெயரே இல்லை. ஆகவே, பதிகம் கூறும் பங்குனி உத்திர விழா என்னும் பழைய அடித்தளத்தின்மேல் பெரியபுராணம் வளர்த்த பிற்கால மரபே அறுபத்துமூவர் விழா எனக் கொள்ளுதல் தகும்.

இங்ஙனம் கூறுதல் விழாவின் பெருமையைக் குறைப்பதாகாது. கல்லாலாகிய கோயில் அழிந்தபோதும் ஊரார் நாள்களை மறந்தாரல்லர். நினைவிலிருந்த விழாவே புதிய கோயிலுக்கு உயிரளித்தது. தலவரலாறு எழுதப் புகுவோர் எல்லாவற்றையும் ஒரே தொன்மைக்கு உரியதாக்காது, எது பதிகத்தது, எது புராணத்தது, எது அண்மையது எனப் பிரித்துரைத்தல் வேண்டும். அதுவே அம்மரபைக் காத்தவர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.