சுருள் கரங்கள் கலையாதது ஏன்?

1845ஆம் ஆண்டு அயர்லாந்தில், தாம் அமைத்த பெருந்தொலைநோக்கியின் வழியே எம்51 என்னும் விண்மீன் திரளின் சுருள் வடிவை ராஸ் பிரபு கண்டு வரைந்தார். அச்சுருள் கரங்கள் பின்னாளில் ஒரு புதிரை எழுப்பின. திரளின் மையத்தை ஒட்டிய விண்மீன்கள் தம் சுற்றை விரைவில் முடிக்கின்றன, தொலைவிலுள்ளவை பின்தங்குகின்றன. கரங்களில் என்றும் அதே விண்மீன்களே இருப்பின், சில சுற்றுகளிலேயே அவை இறுகச் சுருண்டு உருவிழந்திருக்கும்.

1964இல் லின், ஷூ என்னும் அறிஞர்கள் இதற்கு விளக்கம் அளித்தனர். கரம் நிலையான பொருளன்று. அஃது ஓர் அடர்த்தி அலை. சாலை குறுகுமிடத்தில் வண்டிகள் நெருங்கி, மெல்ல நகர்ந்து, பின் விலகிச் செல்கின்றன. வண்டிகள் மாறினும் நெரிசல் நீடிக்கிறது. அவ்வாறே விண்மீன்களும் வளிமமும் கரத்துள் புகுந்து வெளியேறுகின்றன. அங்கு நெருக்குண்ட வளிமத்திலிருந்து புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றுள் நிறைமிகுந்த நீல விண்மீன்கள், பெரும்பாலும் கரத்தைக் கடக்குமுன்னரே எரிந்தழிகின்றன. குறுகிய வாழ்வுடைய அவற்றின் ஒளியே, நீடித்த கரங்களை நமக்குக் காட்டுகிறது.