மோட்டார் வண்டியின் மெருகு

அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையை விட்டு, மழைக்காலத்தில் ஒரு மோட்டார் வண்டி தோட்டத்து மண்பாதையில் சிறிது தூரம் ஓடினாலே போதும். சேறு கதவுவரை அப்பிக்கொள்ளும். மறுநாட் காலையில் உரிமையாளர் பீலி நீரைப் பிடித்து, தும்புத் தூரிகையாலோ பழந்துணியாலோ அதனைத் தேய்த்துக் கழுவுகிறார். அழுக்கு அகன்றுவிடுகிறது. ஆனால், வெயில் ஏறியதும் வர்ணப் பூச்சின்மேல் சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. குற்றம் சேற்றினுடையதன்று, அதைத் தேய்த்த கருவியினுடையது.

மலைநாட்டு மண், மிகப் பழைய பாறைகள் சிதைந்து உண்டானது. அப்பாறைகளில் குவார்ட்சு என்னும் படிகம் நிறைய உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோசு அளவுகோலில் அதன் இடம் 7. கத்தியின் உருக்கைவிடக் கடினமானது. வண்டியின் நிறத்தைக் காக்கும் தெளிந்த மேற்பூச்சோ, பொதுவாகத் தலைமயிரின் பருமனைவிட மெல்லியது. மணல் ஒட்டிய துணி, பூச்சுக்கு அரமாகிவிடுகிறது.

ஆகவே, முதலில் தேய்க்காமல் நீரை மட்டுமே ஊற்றிச் சேற்றை ஊறவைத்துக் கழியவிடுதல் வேண்டும். பின்னர் நீண்ட மென்னூல்கள் கொண்ட மைக்ரோபைபர் கையுறை ஏற்றது. மணல் அந்நூல்களினிடையே புகுந்து பூச்சைவிட்டு விலகிநிற்கும். தட்டையான பஞ்சிலோ அது மேற்பரப்பிலேயே தங்கி உராயும். வாளிகள் இரண்டு தேவை: ஒன்றில் வண்டிக்குரிய சவர்க்கார நீர், மற்றதில் கையுறையை அலசத் தூயநீர். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவுதல் நன்று. சில்லுகளுக்கு வேறு துணி வேண்டும். நிலத்தில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் எடுத்தலாகாது. ஈரத்தைத் துடைக்கும் துணியும் மென்மையானதாய், விளிம்பில் தடித்த தையலற்றதாய் இருத்தல் நலம்.

இஃது அழகைப் பற்றிய கவலை மட்டுமன்று. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் பழைய வண்டியைப் பேணுவதையன்றிப் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. வாடகை வண்டியே பிழைப்பான ஒருவருக்கு, மீண்டும் வர்ணம் பூசுவது பெருஞ்செலவு. கீறல் ஆழ்ந்து இரும்பைத் தொட்டுவிட்டால், மூடுபனி நீங்காத மலைநாட்டில் துரு விரைந்து பற்றும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. வாரந்தோறும் தவறாகத் தேய்க்கப்படும் மெல்லிய பூச்சு எத்தனை காலம் தாங்கும்? இன்னுமொரு வாளியும் மென்மையான கையுறையும் வாங்கும் செலவு, அந்த இழப்புக்கு முன் மிகச் சிறிது.