சிடிசி மூன்றரை லட்சம், கைக்கு வருவது எவ்வளவு?

பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனம் ஒன்றிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டால், வீட்டைத் தாண்டி முதலில் தெருவுக்குப் போவது வேலையின் பெயரல்ல, சம்பளம். ‘வருஷத்துக்கு மூன்றரை லட்சமாம்!’ அப்பா அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 29,000 ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுவிடுவார். கடன் அடைப்பது, தங்கையின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழும்போது நான்கைந்தாயிரம் குறைகிறது. யார் எடுத்தார்கள்?

யாரும் எடுக்கவில்லை. சிடிசி என்பது ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. உதாரணத்துக்கு, அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், ஊழியரின் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பங்காகப் பிடிக்கப்படும். நிறுவனம் போடவேண்டிய இன்னொரு 1,800 ரூபாயும் பெரும்பாலும் அதே மூன்றரை லட்சத்துக்குள்தான் அடங்கியிருக்கும். பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், சுமார் 721 ரூபாய். நிரந்தர ஊழியர் ஐந்தாண்டு தொடர்ந்து இருந்தால்தான் பொதுவாக அது கிடைக்கும். ஆக, கைக்கு வருவது 25,000-க்கும் கீழே. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தையும், வேலைத்திறனைப் பார்த்துத் தரும் ‘வேரியபிள் பே’யையும் சிடிசிக்குள் சேர்த்திருந்தால் இன்னும் இறங்கும்.

இது போதாதென்று அரையாண்டுக்கு ஒருமுறை சென்னை மாநகராட்சியின் தொழில் வரி 1,250 ரூபாய். வருமான வரி பற்றிய கவலை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். 2025-26 முதல் புதிய வரி முறையில், சம்பளதாரருக்கு ஆண்டு வருமானம் 12.75 லட்சம் வரை வரி இல்லை.

இதையெல்லாம் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அப்பா வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ இருந்தால், சாப்பாட்டு மேஜையிலேயே பி.எஃப். பாடம் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் அந்த வசதி இல்லாதவர்கள் ஏராளம். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்தியாவுக்கு 28.4. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை தரும் திட்டம் 2010-11-இல் வந்தது. ‘முதல் பட்டதாரி’ சான்றிதழோடு கல்லூரிக்குள் நுழைந்தவர், குடும்பத்தில் சம்பளச் சீட்டைப் பார்க்கும் முதல் ஆளாகவும் இருப்பது சகஜம். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கும் கல்லூரி, ஆஃபர் லெட்டரை எப்படிப் படிப்பது என்று ஒரு வகுப்பு எடுத்தால் அபூர்வம்.

லெட்டர் வந்துவிட்டது என்பதற்காக வேலையும் வந்துவிட்டதாகாது. 2022-இல் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்தவர்களில் சுமார் 2,000 பேர் பணியில் சேர இரண்டாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. விவகாரம் மத்திய தொழிலாளர் அமைச்சகம் வரை போனது. கல்விக்கடன் வாங்கியவருக்கு இந்தக் காத்திருப்பு வேறு மாதிரி வலிக்கும். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டில் தவணை தொடங்கிவிடும்; சம்பளம் தொடங்கியதா என்று வங்கி பார்ப்பதில்லை.

சேர்ந்த பிறகும் பரீட்சை விடாது. அதே நிறுவனத்தின் மைசூரு பயிற்சி வளாகத்தில், உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கர்நாடகத் தொழிலாளர் துறை விசாரணைக்குப் போனது. மூன்று வாய்ப்பிலும் தேறாதவர் தொடர முடியாது என்பது சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது நிறுவனம்.

குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற ‘பாண்ட்’ விஷயத்தில், பேயிங் கெஸ்ட் (பி.ஜி.) அறைகளில் உலவும் அறிவுரை ஒன்று உண்டு: “சும்மா கையெழுத்துப் போடு மச்சான், கோர்ட்டுல நிக்காது.” அப்படி நம்பி இருந்துவிட முடியாது. விஜயா வங்கியில் 2007-இல் முதுநிலை மேலாளரான ஒருவர், மூன்றாண்டு நிபந்தனை முடியுமுன் 2009-இல் வேறு வங்கிக்கு மாறினார். அவர் கட்டிய 2 லட்ச ரூபாய் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி திரும்ப ஆளெடுக்க ஆகும் செலவையும் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே ஒவ்வொரு பாண்டும் இதேபோல் செல்லும் என்றும் சொல்லிவிட முடியாது. தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, பயிற்சி உண்மையிலேயே தரப்படுகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவதே வழி.

தாளில் இல்லாத விதிகளும் இருக்கின்றன. நான்கு வருடம் ‘சார்’, ‘மேடம்’ என்று எழுந்து நின்றே பழகியவர்களிடம், நாற்பது வயது மேனேஜர் “கால் மீ கார்த்திக்” என்கிறார். பாதிப் பேர் முதல் மாதம் முழுக்கப் பெயரே சொல்லாமல் பேசித் தப்பிப்பார்கள். சந்தேகம் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு, இரண்டு நாள் வேலையை வாரக்கணக்கில் இழுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். ப்ராஜெக்ட் கிடைக்காமல் ‘பெஞ்ச்’சில் உட்காருபவர் சம்பளம் வாங்கிக்கொண்டே தூக்கத்தைத் தொலைக்கிறார்.

ஒரு காலத்தில் சென்னைக்கு வேலைக்கு வந்த பிரம்மச்சாரிகளுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்தான் இரண்டாவது அலுவலகம். எந்த மெஸ் மலிவு என்பதோடு எந்த அதிகாரியிடம் எப்படி லீவு கேட்பது என்பதும் அங்கே தெரிந்துவிடும். துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் இன்றைக்கு பி.ஜி. ஹாஸ்டல்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. பி.எஃப். கணக்கின் 12 இலக்க யுஏஎன் எண்ணை எப்படிச் செயல்படுத்துவது, வேலை மாறும்போது புது எண் வாங்காமல் பழையதையே கொடுப்பது எப்படி என்று பக்கத்துக் கட்டில் சீனியர்தான் சொல்லித் தருகிறார்.

அந்தச் சீனியரே சம்பளத்தைக் கூட்ட வேறு கம்பெனி தேடிக்கொண்டிருப்பார். ஆஃபர் கையில் இருக்கும். ஆனால் பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். புது கம்பெனி எச்.ஆர். கேட்பதோ, “ஒரு மாசத்துல ஜாயின் பண்ண முடியுமா?” அந்த 90 நாள் நிபந்தனை, படிக்காமல் கையெழுத்திட்ட அதே ஆஃபர் லெட்டரில் நான்காம் பக்கத்திலோ ஐந்தாம் பக்கத்திலோ இருந்திருக்கும்.